தொப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஓடிக்கொண்டே கொண்டுபோன சேதி

சேலம் பெங்களூர் சாலையில் நடந்தோ சைக்கிளிலோ போவதற்குத் தோதான பகுதி எது என்று இரண்டு மூன்று பேர் கேட்டு எழுதியிருந்தீர்கள். அந்தச் சாலையில் ஒரு துண்டு எனக்குக் காலாலேயே தெரியும். தொப்பூரிலிருந்து தருமபுரி பெரியாஸ்பத்திரி வரை, 22 கிலோமீட்டர். 1986 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதை ஓடிக் கடந்தேன். மூன்று மணி ஐம்பது நிமிடம் ஆனது. பந்தயத்தில் ஐந்து பேர் ஓடினோம், நான் ஐந்தாவதாக வந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசிவரை படித்துவிட்டு யாரும் என்னைத் திட்டக்கூடாது.

அது ஒரு ரத்ததான ஓட்டம். தருமபுரியில் என் பள்ளிக்கூட நண்பன் செல்வராஜ் ஓர் இளைஞர் மன்றம் நடத்தி வந்தான். சேலத்திலிருந்து ஒரு டாக்டரம்மாவை பாட்டில்களோடும் ஐஸ் பெட்டியோடும் வரவழைத்து முகாம் நடத்துவது அவன் திட்டம். வெறும் முகாம் என்றால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள், கூடவே ஒரு பந்தயம் வைத்தால் கூட்டம் வரும் என்று கணக்குப் போட்டான். ஓடுகிற ஒவ்வொருவரும் இறந்துபோன ஒருவர் பெயரில் ஓட வேண்டும், வழியில் ரத்தம் கொடுக்க ஆள் சேர்க்க வேண்டும். நான் என் அத்தா பெயரில் ஓடினேன், எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.

அத்தாவை அந்தச் சாலையில் தெரியாதவர்கள் கிடையாது. தருமபுரி பேக்கரி ஒன்றிலிருந்து பன், வருக்கி, ரஸ்க்கெல்லாம் தகரப் பெட்டியில் அடுக்கி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு, தொப்பூர் வரைக்கும் உள்ள டீக்கடைகளுக்குப் போடுவார். அதற்கு லைனுக்குப் போவது என்று பெயர். பதினெட்டு வருடம் அந்த லைனில் போனார். ரொட்டி பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சொந்தப் பெயர் எங்கள் வீட்டு ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். 1980-ல் முட்டி வலி வந்து சைக்கிளை விட்டுவிட்டார். நாங்கள் குடும்பத்தோடு ஓசூருக்குப் போய்விட்டோம். எனக்கு அங்கே ஒரு கம்பெனியில் வேலை.

1984-ல் அவருக்கு வயிற்றுப் புண் உடைந்தது, ரத்த வாந்தி எடுத்தார். பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு பாட்டில் ரத்தம் வேண்டும் என்றார்கள். என் விரலில் குத்திப் பார்த்து, உன்னுடையது ஒத்துப்போகிறது, ஒன்றை நீயே கொடு, இன்னொரு ஆளைக் கூட்டி வா என்றார்கள். எனக்கு அந்த ஊசியைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது. இருபத்தாறு வயது ஆம்பிளை, ஓவர்டைம் பார்க்கிறவன். "ரெண்டு ஆளையுமே கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். ஆளோடு திரும்பி வந்தபோது அத்தாவின் முகத்தை மூடியிருந்தார்கள். இதை நான் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே ஓசூரில் அடக்கம் செய்துவிட்டோம்.

ஆக, செல்வராஜின் ஓட்டத்தில் நான் சேர்ந்தது சமூக சேவை செய்கிற ஆர்வத்தில் இல்லை. பத்துப் பேரிடமாவது ரத்தம் வாங்கிக் கொடுத்தால் அந்த ஒரு பாட்டிலின் கனம் குறையாதா என்ற சுயநலம்தான். இது அவனுக்குத் தெரியாது. "அப்பா பேருக்கு ஓடறியே, நல்ல மனசுடா" என்று முதுகில் தட்டினான். தட்டின இடம் எரிந்தது.

சனிக்கிழமை மதியம் ஓசூரில் பஸ் ஏறினேன். கிருஷ்ணகிரி வழியாகத் தருமபுரி, 93 கிலோமீட்டர், இரண்டே முக்கால் மணி நேரம், எட்டு ரூபாய் இருபது காசு. செல்வராஜ் பஸ் நிலையத்துக்கே டி.வி.எஸ். 50-யில் வந்து நோட்டீஸ் கட்டைக் கையில் கொடுத்தான். அத்தாவின் படம், கீழே பெயர், 'நினைவாக' என்று ஒரு வரி, அடியில் பொடி எழுத்தில் ரத்ததான முகாம், பெரியாஸ்பத்திரி வளாகம், காலை பத்தரை மணி. சுற்றிலும் கட்டை விரல் அகலத்துக்குக் கறுப்புக் கட்டம். இது என்னடா சாவு நோட்டீஸ் மாதிரி இருக்கிறது என்று கேட்டேன். அவனும் அச்சகத்தில் அதையே கேட்டானாம். "சும்மா அடிச்சுக் குடுக்கறப்ப, மெஷின்ல ஏத்தி வெச்சிருக்கற பார்டர்தாங்க வரும்" என்றாராம் அச்சகக்காரர். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று விட்டுவிட்டோம்.

ஞாயிறு காலை ஐந்தே காலுக்குத் தருமபுரியில் சேலம் பஸ். தொப்பூருக்கு இரண்டு ரூபாய் பத்து காசு, நாற்பது நிமிடம். தொப்பூர் என்றால் லாரிகள் ஊர். ஓட்டல் வாசல்களில் வரிசையாக லாரி, டயரைத் தட்டிப் பார்க்கிற கிளீனர்கள், எந்நேரமும் பரோட்டாக் கல் சத்தம். மற்ற நாலு பேரும் கல்லூரி மாணவர்கள், கான்வாஸ் ஷூ போட்டிருந்தார்கள். நான் கம்பெனியில் கொடுத்த ரப்பர் செருப்பை வாரால் கட்டிக்கொண்டு நின்றேன். பனியனில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, அத்தா படம் போட்ட நோட்டீஸை ஊக்கு மாட்டிக் குத்தியிருந்தேன். ஆறரைக்குச் செல்வராஜ் விசில் ஊதினான். ஆறு நாற்பதுக்கு அந்த நாலு பேரும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

தொப்பூரிலிருந்து வடக்கே போனால் முதலில் கணவாய் ஏற்றம். பஸ்ஸில் போகும்போது டிரைவர் கியர் மாற்றுகிற சத்தத்தில்தான் ஏற்றம் தெரியும். ஓடும்போது தொடை எலும்பில் தெரிகிறது. அந்த வளைவுகளில் சரக்கு லாரிகள் நடக்கிற வேகத்தில்தான் ஏறும், நான் அவற்றோடு கூடவே ஓடினேன். எனக்கு ஒரே யோசனை. நானோ வெறும் ஆள், காலை வெயில்கூட ஏறவில்லை. அத்தா லைன் முடித்து, மிச்சச் சரக்கோடு, மதிய வெயிலில், இந்த ஏற்றத்தில் எப்படி சைக்கிளை ஏற்றினார்? வீட்டில் அவர் ஒருநாளும் மேடு என்று சொன்னதே இல்லை. நானும் ஒருநாளும் அவரோடு லைனுக்குப் போனதில்லை. அவருடைய பதினெட்டு வருடத்தை நான் முதல் முறையாக அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

ஏன் ஓடுகிறாய் என்று வழியில் என்னைக் கேட்டவர்கள் பதினொரு பேர். நான் எண்ணிக்கொண்டே வந்தேன், வேறு வேலை இல்லை. கர்நாடகா லாரி டிரைவர் ஒருவர் வண்டியை உருட்டிக்கொண்டே கன்னடத்தில் ஏறச் சொன்னார். காசு வேண்டாம் என்றும் சொன்னார். ஓட்டப் பந்தயம் என்று விளக்கினேன். எங்கே மற்றவர்கள் என்று கேட்டார். முன்னால் போய்விட்டார்கள் என்றேன். அப்படியென்றால் நீ தோற்றாயிற்று, இனி ஏறலாமே என்றார். அவர் பேச்சில் நியாயம் இருந்தது. பூக்காரம்மா ஒருவர், "எந்தக் கோயிலுக்குங்க வேண்டுதல்?" என்றார். போலீஸ்காரர் ஒருவர் யாரைத் துரத்துகிறாய் என்றார். யார் துரத்துகிறார்கள் என்று கேட்காமல் விட்டதே மரியாதை.

ஏழே முக்காலுக்குப் பாளையம்புதூர் வந்தேன், ஏறக்குறைய ஆறரை கிலோமீட்டர். சாலையோரத்தில் மாதம்மா அக்காவின் டீக்கடை. அத்தாவின் லைனில் பெரிய கடை அது, ஒரு நாளைக்கு நாற்பது பன் போகும். சின்ன வயதில் ஒன்றிரண்டு முறை அங்கே போயிருக்கிறேன். அக்கா என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"அன்வருதானே?"

"ஆமாங்க்கா."

அதற்குள் அவர் கண் என் நெஞ்சில் குத்தியிருந்த நோட்டீஸுக்குப் போய்விட்டது. கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "ஒக்காரு தம்பி, ஒரு வாய் டீ குடி" என்றார்.

"ஒக்கார முடியாதுங்க்கா, ஒக்காந்தா கால் புடிச்சுக்கும். இன்னும் மூணு ஊரு போவணும். பத்தரைக்குள்ள ஆளுங்கள ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வெய்யுங்க" என்று ஐம்பது நோட்டீஸை மேசையில் வைத்தேன். முதலில் சேலத்து டாக்டர், பாட்டில் என்றெல்லாம் விளக்க வேண்டும் என்று மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். மூச்சு வாங்கியதில் ஒன்றும் வரவில்லை. அதற்கு அவசியமும் இல்லாமல் போயிற்று. "நாங்க எல்லாரும் வர்றோம். நீ போ தம்பி, நிக்காத" என்றார் அக்கா. அடுப்பிலிருந்து பால் சட்டியை இறக்கினார். எனக்கு ஆச்சரியமான ஆச்சரியம். ரத்தம் என்றதும் நானே பயந்து ஓடியவன், இவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே.

நல்லம்பள்ளியிலும் அப்படித்தான் நடந்தது. டீக்கடைக்காரர்கள் நோட்டீஸைப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள், என்னைப் போகச் சொன்னார்கள். தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டார்கள். டி.வி.எஸ். 50-யில் குளுக்கோஸ் தண்ணீரோடு கூடவே வந்த செல்வராஜ் பூரித்துப்போனான். "உனக்கு எங்கிருந்துடா இவ்ளோ செல்வாக்கு?" என்றான். எனக்கு இல்லை, அத்தாவுக்கு என்றேன். சொல்லும்போது பெருமையாகவே இருந்தது.

ஒன்பது மணிவாக்கில், நல்லம்பள்ளி தாண்டி, பின்னாலிருந்து ஒரு கல் லாரி வந்து வேகத்தைக் குறைத்தது. மேலே இருபத்தைந்து முப்பது பேர் நின்றிருந்தார்கள். முன்னால் மாதம்மா அக்கா. வேறு நாலைந்து டீக்கடை முகங்களும் தெரிந்தன.

"ஏறு தம்பி, நேரமாவுதில்ல" என்றார் அக்கா.

"ஏறக் கூடாதுங்க்கா. நான் ஓடித்தான் வரணும்."

மேலே இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "வுட்ருங்க, அவன் மனசு எப்பிடி இருக்குதோ" என்று ஒரு பெரியவர் சொன்னது கேட்டது. லாரி நகர்ந்தது. நான் முகம் முழுக்கச் சிரிப்போடு, போய்ச் சேருங்கள், வந்துவிடுகிறேன் என்று இரண்டு கையையும் ஆட்டினேன். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் லாரியில் இரண்டு பேர் அழுதுவிட்டார்கள் என்று பிற்பாடு தெரிந்தது.

ஒன்பதேகாலுக்கு அதியமான்கோட்டை. அங்கிருந்து தருமபுரி ஏழு கிலோமீட்டர்தான். கால் ஆணி குத்தியதுபோல வலித்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. குளுக்கோஸ் தண்ணீரோடு வந்த செல்வராஜ் முன்னால் போன நாலு பேரைப் பார்க்கப் போய்விட்டிருந்தான். அத்தாவின் பழைய கடைகளில் ஒன்றில் தண்ணீர் கேட்கலாம் என்றால் மூன்றுமே பூட்டியிருந்தன. மளிகைக் கடை திறந்திருக்கிறது, சைக்கிள் கடை திறந்திருக்கிறது, டீக்கடைகள் மட்டும் பூட்டியிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த டீக்கடைக்காரர் பூட்டுவார் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. கடைசி மூன்று கிலோமீட்டரை ஓட்டம் என்று சொல்வது ஓட்டத்துக்கு அவமானம்.

பத்து இருபதுக்கு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தேன். ஷாமியானாவுக்குக் கீழே ஆறு கட்டில். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"முப்பது பேர் கையெழுத்துப் போட்டாங்கன்னு லெட்டர் அனுப்பினீங்க. அஞ்சு பேர் இருக்காங்க. பன்னெண்டு மணிக்கு நான் ஐஸ் பெட்டியோட கெளம்பணும். இருபது பேராவது இல்லைன்னா இந்தப் பக்கம் மறுபடி என்னைக் கூப்பிடாதீங்க" என்றார். செல்வராஜுக்கு முகம் செத்துவிட்டது. "ஒரு லாரி ஆளு வந்தாங்களேங்க டாக்டர்" என்றான். அப்படி யாரும் வரவில்லை என்றார் அவர்.

கேட்டில் இருந்த வாட்ச்மேன்தான் சொன்னார். "லாரிலயும் பஸ்லயும் வந்தவங்களா? பாய் பொணம் எங்கன்னு கேட்டாங்க. பின்னாடி அனுப்பி வெச்சேன்."

நாங்கள் இருவரும் பின்பக்கம் ஓடினோம். அன்றைய தினத்தில் நான் உண்மையில் வேகமாக ஓடியது அந்த நூறு கஜம்தான். பிணவறைக்கு எதிரே நிழலில் நாற்பத்தொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டியிருந்தார்கள். பெண்கள் ஒரு பக்கம். பாய் வீட்டுக்கு மாலை ஆகாது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், ஊதுபத்திக் கட்டும் பன்னீர் பாட்டிலும் வாங்கி வைத்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்து முறை தெரியாதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். சாவுச் சேதி சொல்லப் போகிறவன் எந்த வீட்டிலும் உட்கார மாட்டான். டீ, சாப்பாடு எதையும் தொட மாட்டான். வாசலிலேயே நின்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்கு ஓடுவான். அவனை யாரும் தடுத்து நிறுத்திக் கேள்வி கேட்க மாட்டார்கள். நான் கறுப்புக் கட்டம் போட்ட நோட்டீஸை நெஞ்சில் குத்திக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து வந்து, உட்காராமல், டீயைத் தொடாமல் ஓடியிருக்கிறேன். அதோடு, இந்துக்கள் வீடு என்றால் சாவகாசமாக விசாரித்துக்கொண்டு சாயங்காலம்கூடப் போகலாம். பாய் வீட்டில் சீக்கிரம் எடுத்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த அவசரத்தில் நோட்டீஸை யார் படிப்பார்கள்? கடையைப் பூட்டினார்கள், கிடைத்த வண்டியில் ஏறினார்கள். அதியமான்கோட்டைக்கு எனக்கு முன்பே லாரி சேதியைக் கொண்டுபோய்விட்டது.

மாதம்மா அக்கா எழுந்து வந்தார். "உள்ள அப்பிடி யாரும் இல்லன்றாங்க. வூட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டீங்களா?"

"இல்லீங்க்கா."

"பின்ன எங்க தம்பி வெச்சிருக்கீங்க?"

பொய் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. "அத்தா தவறி ரெண்டு வருசம் ஆவுதுங்க்கா. ஓசூர்ல."

பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தப் பேச்சு போய்ச் சேர்வதைப் பார்க்க முடிந்தது. ஒவ்வொரு தலையாகத் திரும்பியது.

"ரெண்டு வருசமா?" என்றார் அக்கா. "பதினஞ்சு காசு கார்டு ஒண்ணு போட முடியலியா உனக்கு? பதினெட்டு வருசம் எங்க கடைல வந்து நின்ன மனுசன். எம் புருசன் செத்தப்ப மொத ஆளா வந்து நின்னாரு. அவரு மொகத்த நான் பாக்க வேண்டாமா?"

லாரியில் பேசிய பெரியவர், நல்லம்பள்ளி டீக்கடை முனுசாமி, எழுந்து வந்து என் பனியனில் இருந்த நோட்டீஸைக் கையால் பிடித்துப் பார்த்தார். "சொல்லாம அடக்கம் பண்றதுன்னா, நாங்க ஆருமில்லன்னு அர்த்தம். உங்கப்பன் அப்பிடி நெனச்சவனா?" என்றார்.

செல்வராஜ் ஏதோ சமாளிக்கப் பார்த்தான். வேண்டாம் என்று அவன் கையைப் பிடித்தேன். வெள்ளம் தலைக்கு மேல் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. "அவருக்கு ரத்தம் வேணும்னாங்க. என்னுது ஒத்துப்போச்சு. எனக்குப் பயமாயிருந்துச்சு, குடுக்கல. ஆள் தேடறேன்னு வெளிய போயிட்டேன். உங்ககிட்ட வந்து சொன்னா எப்பிடிப் போனாருன்னு கேப்பீங்க. அதுக்குப் பயந்துதான் வரல" என்றேன். சொல்லி முடித்தபோது செல்வராஜ் என் கையை விட்டுவிட்டிருந்தான். இரண்டு வருடமாக என் மனைவியிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை.

அடிப்பார்கள் என்றே நினைத்தேன். அக்கா முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். "அது உனக்கும் உங்கப்பனுக்கும் நடுவுல. எங்களுக்குச் சேர வேண்டியத நீ குடு. இன்னும் நீ எங்களுக்குச் சொல்லல. மொறையா நின்னு சொல்லு."

நான் செருப்பின் வாரை அவிழ்த்துக் கழற்றினேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "எங்க அத்தா தவறிட்டாருங்க."

அவ்வளவுதான். பெண்கள் பக்கத்தில் ஒருவர் குரல் எடுத்தார், அப்புறம் இன்னொருவர். அந்தச் சத்தத்தில் நானும் உட்கார்ந்து அழுதேன். ஓசூரில் அடக்கம் செய்த அன்று எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, ஊசிதான் கண்ணில் நின்றது. பிணவறை ஊழியர் வெளியே வந்து, உள்ளே யாருமே இல்லையே, யாருக்காக அழுகிறார்கள் என்று செல்வராஜிடம் விசாரித்தார்.

ஐந்து நிமிடம் கழித்து முனுசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சாவுக்குன்னு வூட்ட வுட்டு வந்தாச்சு. ஒண்ணும் செய்யாமத் திரும்பிப் போனா நல்லதில்ல. என்ன செய்யணும், சொல்லு" என்றார்.

ரத்தம் என்றதும் பதினாலு பேர் மெதுவாக பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஒன்பது பேரை டாக்டரம்மா எடை போதாது, வயதாகிவிட்டது என்று நிறுத்தினார். அதில் மாதம்மா அக்காவும் ஒருவர். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, ரத்தம் கம்மி என்றார் டாக்டர். "எனக்கு ரத்தமில்லன்னு ஆருங்க சொன்னது? நாலு மணிக்கு எந்திரிச்சு ஒத்தையாளா கடை நடத்தறேன்" என்று அக்கா அவரிடம் சண்டைக்கே போய்விட்டார். கடைசியில் படுத்தவர்கள் பதினெட்டு பேர். ஏற்கெனவே வந்த ஐந்தோடு இருபத்து மூன்று. பன்னிரண்டு மணிக்குப் போக வேண்டிய டாக்டரம்மா பன்னிரண்டே முக்காலுக்குத்தான் பெட்டியை மூடினார். அடுத்த வருடமும் வருகிறேன் என்று அவராகவே செல்வராஜிடம் சொன்னார்.

முனுசாமி கட்டிலில் படுத்திருக்கும்போது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். காலையிலிருந்து மண்டையைக் குடைந்த கேள்வியை அவரிடம் கேட்டேன். கணவாயில் அத்தா எப்படி சைக்கிள் ஏற்றினார்? அவர் சிரித்தார். "அவுரு எங்க ஏத்தினாரு? லாரிக்குப் பின்னாடி தொங்கற கயித்த ஒரு கைல புடிச்சுக்குவாரு. லாரி இழுத்துட்டுப் போவும். டிரைவருங்களுக்கெல்லாம் அதுக்கு ஆளுக்கொரு வருக்கி." நான் தெருவில் மாட்டுவண்டியைப் பிடித்துக்கொண்டு சைக்கிள் விட்டதற்குப் பெல்ட்டால் அடித்தவர் அவர்.

எல்லோரும் முடித்த பிறகு நான் பனியனில் இருந்த நோட்டீஸ்களைக் கழற்றிவிட்டு டாக்டரம்மா முன்னால் போய் நின்றேன். ஊசியைப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். அவர் நாடியைப் பிடித்துப் பார்த்தார். "இருபத்திரண்டு கிலோமீட்டர் ஓடிட்டு வந்தவர்கிட்ட யாராவது ரத்தம் எடுப்பாங்களா? போய்ப் படுங்க. மூணு வாரம் கழிச்சு வாங்க" என்றார். கெஞ்சிப் பார்த்தேன். ஐஸ் பெட்டியை மூடப் போய்விட்டார். மாதம்மா அக்கா பன்னீர் பாட்டிலைத் திறந்து என் தலையில் கொஞ்சம் தெளித்துவிட்டு, பஸ்ஸுக்குப் போனார்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. இப்போது அந்த நெடுஞ்சாலை நான்கு வழி. கணவாய் இறக்கத்தில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் வருவது இன்றைக்கும் உண்டு, அங்கே ஓடவோ சைக்கிள் விடவோ வேண்டாம், பஸ்ஸில் கடந்துவிடுங்கள். கால்களுக்கு வேலை கொடுக்க ஆசையென்றால் அதியமான்கோட்டையில் இறங்குங்கள். புறவழிச்சாலையைப் பிடிக்காமல் ஊருக்குள் போகிற பழைய சாலையில் தருமபுரி வரை ஏழு கிலோமீட்டர். நல்ல நடைக்கு ஒன்றரை மணி நேரம். தை, மாசியில், காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள், என்னை மாதிரி டீக்கடைகளை நம்ப வேண்டாம். செருப்பில் ஓடாதீர்கள். யாருடைய நினைவாகவாவது ஓடுவதென்றால், அவரைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் முதலில் நேரில் போய்ச் சொல்லிவிட்டு ஓடுங்கள்.

ரத்தம் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று பயப்படுகிறவர்களுக்கும் ஒரு தகவல். மூன்று வாரம் கழித்து சேலத்துக்குப் போய் அதே டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். கண்ணை மூடாமல், எதிரே இருந்த சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். ஊசி ஏறியதிலிருந்து எடுத்தது வரை பன்னிரண்டு நிமிடம். அத்தாவைப் படுக்கையில் விட்டுவிட்டு நான் பெங்களூரில் ஆள் தேடி அலைந்தது நாலு மணி நேரம்.